திருகு

மேசை மேல் மூன்று ஜாம் குப்பிகள்.
ஒன்றில் லிங்கன்பெர்ரிப் படம் இன்னும் உரியவில்லை.
கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில்
பொட்டலத் தூள்களைக் கரைத்து வைத்திருக்கிறேன்.
இது ஆறு புள்ளி எட்டு ஆறு.
இது நான்கு புள்ளி பூஜ்யம் ஒன்று.
மூன்றாவது, வாய் கொப்பளிக்க.

வெளியே அக்டோபர்.
பொத்னியா வளைகுடாக் காற்று
கொட்டகைத் தகரத்தைச் சுண்டிப் பார்க்கிறது.
பொட்டலத்தில் இருபத்தைந்து டிகிரி என்று போட்டிருக்கிறது,
என் சமையலறையில் பதினெட்டு.
குப்பிகளை அடுப்போரம் நகர்த்திவிட்டுக்
காபி குடித்தேன். இரண்டு முறை.

முதலில் அதற்கு வாயைக் கட்ட வேண்டுமாம்:
சென்சாரைக் கழற்றி,
பலகைத் துளையின் நடுவையும் விளிம்பையும்
ஒரு காகிதக் கிளிப்பால் சேர்த்தேன்.
எதையும் ருசிக்காத நாக்கு
இரண்டரை வோல்ட் என்று சொல்ல வேண்டும்.
இரண்டு புள்ளி எட்டு என்றது.
நீலப் பெட்டியின் பித்தளைத் திருகை
மூக்குக்கண்ணாடிக்கு வாங்கிய குட்டித் திருப்புளியால்
அரைச் சுற்று, கால் சுற்று,
பிறகு ஒரு மூச்சளவு.
திரையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
நின்றது.

எந்த எண்ணையும் இதன் வாயில் ஊட்டிவிடலாம்
என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று நாளாக ஓடையில்
பெர்ச் மீன்கள் வெள்ளை வயிறு காட்டுகின்றன.
உர்போவின் வயல் வடிகால் என் ஓடையில்தான் விழுகிறது.
ஆகஸ்டில் அவன் பள்ளத்தை ஆழமாக்கினான்.
அடியிலிருந்து வந்த கரிய களிமண்
காற்றுப் பட்டுத் துருவாகி,
முதல் மழையிலேயே புளித்துப்போனது.
நேற்று சும்மா முக்கிப் பார்த்தேன்: மூன்று புள்ளி ஒன்பது.
இரவே நகராட்சிக்குக் கடிதம் எழுதி
உறையும் ஒட்டிவிட்டேன்.
இன்று செய்வது வெறும் சம்பிரதாயம்.

சென்சாரின் கண்ணாடிக் குமிழை முதல் குப்பியில் இறக்கினேன்.
ஆறு, ஐந்தரை, ஆறே கால்,
குடித்தவன் வீடு தேடுவதுபோல் எண்கள்.
ஒயரை மாற்றினேன். பத்து அளவின் சராசரி எடுத்தேன். திட்டினேன்.
கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்க,
தெளிந்துவிட்டது.
நேற்றும் அந்த சார்ஜர் செருகித்தான் இருந்தது.

கொப்பளித்து, துடைக்காமல் ஒற்றி,
அடுத்த குப்பி.
இரண்டு புள்ளி இருந்தால் ஒரு கோடு.
ஒரு புள்ளி மட்டும் என்றால் அது பிடிவாதம்.

பிறகு உர்போவின் தண்ணீர்:
ஐந்து புள்ளி இரண்டு.
புளிப்புத்தான். ஆனால் நான் எழுதிய புளிப்பு இல்லை.

ஒப்பிட ஒரு நல்ல தண்ணீர் வேண்டுமே என்று
என் சவுனாவுக்குப் பின்னால்,
ஜூனில் நானே வெட்டிய கால்வாயில்
ஒரு பாட்டில் பிடித்து வைத்திருந்தேன்.
இறக்கினேன்.
நான்கு புள்ளி ஆறு.

கொப்பளித்தேன். மறுபடி நான்கு புள்ளி ஆறு.
பழைய குப்பிக்குப் போய் ஆறு புள்ளி எட்டு ஆறைக் கேட்டேன்,
ஆறு புள்ளி எட்டு ஆறு என்றது,
முகம் மாறாமல்.

திருப்புளி இன்னும் என் விரலிடுக்கில்.
கால் சுற்றுக்கூட வேண்டாம்.
குளிர்பதனப்பெட்டி ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது.

எழுந்துபோய் நகப்பூச்சு எடுத்து வந்தேன்.
மகள் விட்டுப்போன சிவப்பு, பாதி காய்ந்தது.
திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்து
உலரும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

குமிழ் வறண்டால் செத்துவிடும்.
அதன் மூடியில் உப்புநீர் ஊற்றி மூடினேன்.
கடிதத்தின் மேல்
ஜாம் குப்பி வைத்த ஈர வட்டம்,
உர்போ என்ற பெயரில் பாதியைத் தின்றிருக்கிறது.
அவன் வீட்டில் விளக்கு எரிகிறது.
சுண்ணாம்பு மூட்டை
என்ன விலைக்கு வாங்குகிறான் என்று
எப்படி ஆரம்பிப்பது.