பதினேழு தாமரைகள்

அக்காவின் நாவலில் தாமரை
பதினேழு முறை வருகிறது.
கிடங்கில் சரக்குப் பெட்டிகளை எண்ணுவதுபோல்
ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன்.

வார்சாவில் நாங்கள் பார்த்த தாமரை ஒன்றே ஒன்று,
ஷாம்பூ பாட்டிலில் அச்சடித்தது.
அதையும் நாங்கள் வாங்கவில்லை,
விற்றோம்.

அம்மாவுக்குப் போலிஷில் எண்கள் தெரியும்.
'இதற்குமேல் குறைக்க முடியாது' தெரியும்.
போலீஸ்காரரிடம் சொல்ல ஒரு வாக்கியம் தெரியும்.
மற்றதற்கு நான்.
இரவு கடை மூடியபின்
பக்கம் பக்கமாக வியட்நாமியில் சொல்லிக்கொண்டு போனேன்,
தெரியாத சொல் வந்தால் தாண்டி,
சில இடங்களில் தெரிந்தும் தாண்டி.

நாவலின் தாய் மழையில் ஜன்னலோரம் நிற்கிறாள்.
ஒன்பதாம் முறை நின்றபோது அம்மா கேட்டாள்:
"எந்த ஜன்னல்?
இருந்தது ஒன்று. அதையும் மறைத்து
கூரை வரை செருப்புப் பெட்டி."

நாவலின் சமையலறை
மீன்சாறு மணக்கிறது, அத்தியாயம் தவறாமல்.
"கீழ்வீட்டு வாந்தா படியேறி வந்து கத்திய பிறகு
நாலு வருஷம் முட்டைக்கோஸ் சூப்தானே குடித்தோம்.
அது எங்கே?"
புரட்டிப் பார்த்தேன்.
முட்டைக்கோஸ் எங்குமில்லை.

'ஈருலகின் நடுவே வேர்விடும் மலர்' என்று
ஒரு பத்திரிகை எழுதியிருந்ததை வாசித்தேன்.
"தாமரைக்குச் சேறு போதும்,
எதற்கு ரெண்டு உலகம்?
கிழங்கு கிலோ என்ன விலைக்குப் போகிறது இப்போது?"

நாவலில் எல்லோரும் அவளை ஹுவேன் என்கிறார்கள்,
ஆசிரியைகூட, சுரம் பிசகாமல்.
பள்ளியில் அவள் பெயாத்தா.
ஒருநாள் அம்மா 'ஹுவேன்' என்று மூன்று தரம் அழைத்தும்
அவள் திரும்பாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தது
எனக்கு நினைவிருக்கிறது.
எழுதவில்லை.
எழுத முடியாததால்தான் ஆசிரியையின் வாயில்
சுரம் வைத்தாளோ என்னவோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
நான் அந்த நாவலில் இல்லை.
அப்பா, அம்மா, அவள், ஒரு பூனை.
நாங்கள் பூனை வளர்த்ததில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நடுவில் ஒரு வரி, அதுவும் போகிற போக்கில்:
அப்பா பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார்,
ஒட்டாத ஒரு பெட்டிக்குள் பூனை உறங்குகிறது.

அம்மா புத்தகத்தின்மேல் கை வைத்தாள்.
"திரும்ப."
திரும்பச் சொன்னேன்.
"சத்தம் எழுதியிருக்கிறாளா?"
ஒரு சொல் இருக்கிறது, போலிஷில்.
அதற்கு வியட்நாமிய வார்த்தை எனக்கு வரவில்லை.
எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து
டேப் சுருளை எடுத்து இழுத்தேன்.
கிர்ர்ர்ர்ரக்.

"இவ்வளவு நீளம் இழுக்க மாட்டார்" என்றாள்.
"ஒரு சாண். பல்லால் கடிப்பார்.
விடியும் வரை கேட்கும்.
அந்தச் சத்தம் நின்றால்தான் நீ விழித்துக்கொள்வாய்,
பெட்டிக்குள்ளிருந்து."

பென்சிலை எடுத்தேன்.
அந்தப் பக்கத்தில் எண்ண ஒன்றுதான் இருந்தது,
ஒரு கோடு போட்டேன்.
பிறகு அழித்துவிட்டேன்.

அக்கா தொலைபேசியில்:
"பிடித்திருந்ததாமா?"
அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.
"புத்தகம் வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தேன்.
யார் கட்டியது?
ஒரு பெட்டிக்கு எத்தனை மீட்டர் டேப் சுற்றியிருக்கிறான்,
பாவி."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.
அம்மா அந்தப் பெட்டியின் டேப்பை
நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து,
பெட்டியைத் தட்டையாக மடித்துக்
கட்டிலுக்கடியில் தள்ளினாள்.
அங்கே ஏற்கெனவே நிறைய இருந்தன.