பதினோராம் மாடியில் ஒரு மிளகாய்ச் செடி

ஈசூன் சந்தையில் மூன்று வெள்ளிக்கு வாங்கியது.
தாழ்வாரத்தில், காலணி அலமாரிக்குப் பக்கத்தில்,
நாளுக்கு நாற்பது நிமிட வெயில் அதற்கு.

அசுவினிகள் எப்படி வந்தன என்று தெரியவில்லை.
மின்தூக்கியில் ஏறியிருக்க முடியாது,
பதினொன்றை அழுத்த விரல் வேண்டும்.
ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை
கொழுந்தின் அடியில் பச்சை மொய்ப்பு
தலைகீழாய்த் தொங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

சவர்க்காரத் தண்ணீர் கலந்து எடுத்து வந்தேன்.
அடிக்குமுன் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
ஓர் எறும்பு உணர்கொம்பால் இரண்டு தட்டு,
அசுவினி பின்னாலிருந்து ஒரு துளி.
கோப்பிக் கடையில்
வாய் திறக்குமுன் எனக்கு வந்துவிடும் தே ஓ மாதிரி
அவ்வளவு பழக்கம்.

போத்தலைக் கீழே வைத்துவிட்டேன்.

இரவு வேலை முடிந்து வரும் காலைகளில்
சாவி போடுமுன் குந்திப் பார்ப்பது வழக்கமாயிற்று.
பொறிவண்டுப் புழு, நகக்கண் அளவு முதலை,
ஒரு மணி நேரத்தில் பதினேழு. எண்ணினேன்.
சில அசுவினிகள் மட்டும் அசையவேயில்லை.
பழுப்பேறி, ஊதி,
முதுகில் வட்டமாய் ஒரு கதவு.
உள்ளிருந்து யாரோ அறுத்துத் திறந்து போயிருக்கிறார்கள்.
குளவியாம், கடுகில் பாதிகூட இருக்காதாம்.
இன்றுவரை நான் கண்டதில்லை.
காலி வீடுகளைத்தான் தெரியும்.

‘பூச்சியா வளர்க்கிறாய்?’ என்றார்
எதிர்வீட்டுத் திருவாட்டி குவேக்.
செடிதான் என்றேன்.
என் குரலை நானே நம்பவில்லை.

கொசு ஆய்வுக்கு வந்த இளைஞர்
தொட்டித் தட்டைத் தூக்கி டார்ச் அடித்தார்.
காய்ந்திருந்தது. ‘ஓகே அங்கிள்.’
இலைகளின் மேல் வெளிச்சம் படவேயில்லை.

ஆய்வுக்குத் தப்பிய ஒன்று
அன்று மாலையே என் முழங்கையில்.
ஓங்குவதற்குள்
நிறைவயிற்றோடு எழுந்து
கனத்துப் பறந்து
மூன்றாம் கிளையில் இறங்கியது.
அங்கேதான் அந்தத் தாவும் சிலந்தி,
இத்தனை நாளும்
நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாவியது.

கொசுவின் வயிறு சுருங்கச் சுருங்க
நானும் இந்தத் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தேன்,
எங்கோ நடுவில்.
ராத்திரி ஒரு காய் பறித்துத்
தயிர்ச் சோற்றுக்குக் கடித்தேன்.
நல்ல காரம்.

ஞாயிறு முதல் சிலந்தியைக் காணவில்லை.
தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் ஒரு கொண்டைக்குருவி,
வாலடியில் மஞ்சள்,
அலகை இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டிருந்தது.
பழுத்த மிளகாய்க்குத்தான் வந்திருக்கும்
என்று சொல்லிக்கொண்டேன்.
மிளகாய்கள் எல்லாம் அப்படியே இருந்தன.