தேறாத கடிதங்கள்

அறக்கட்டளை தந்த உத்தரவு சுருக்கமானது.
நாடு பற்றியவை, கொள்கை பற்றியவை,
பெரிய மனிதர்கள் பற்றியவை தட்டச்சுக்கு.
மற்றவை பெட்டிக்கே திரும்பட்டும்.

கோத்தகிரி நூலகத்தின் மேல்மாடி.
மூன்று மணிக்கே விளக்குப் போடச் சொல்லும் மூடுபனி.
மந்திரி விருத்தகிரி தம் சிநேகிதர்
கம்பவுண்டர் தேவாசீர்வாதத்துக்குப்
பத்தொன்பது வருஷம் எழுதிய
இருநூற்றுப் பதினோரு கடிதங்கள்.
முதல் வார முடிவில்
தேறியவை நான்கு.

தேறாதவற்றில் பல்வலி இருக்கிறது.
"உன் பேரிக்காய் சென்னை வந்து சேர்வதற்குள்
பாதி சாராயமாகிவிட்டது.
மீதியைக் கவர்னர் விருந்துக்குப் போகுமுன்
நின்றபடியே தின்று தீர்த்தேன்."
கடன் தந்த நாற்பது ரூபாயை
மறந்துவிடு என்று ஒரு கடிதம்,
மறந்தேவிட்டாயா என்று அடுத்தது.
நாய் செத்ததற்கு மூன்று பக்கம்.
மனைவி இறந்ததற்கு
ஒரு தபால் அட்டை, அதிலும் பாதி வெற்றிடம்.

சந்தைக்கு எதிரே சிலையாக நிற்கிறார்,
எதையோ திறந்துவைக்கப் போகிறவர் போல
வலக்கையை நீட்டிக்கொண்டு.
இங்கே அவருக்குச் சளி பிடிக்கிறது,
சீட்டாட்டத்தில் ஏமாற்றி மாட்டிக்கொள்கிறார்.
எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருநூற்றேழாவது கடிதம். ஐப்பசி.
"கூனூர் மாளிகை. விடாத மழை.
இருமல் ஆளைத் தின்கிறது,
நீ காய்ச்சும் தைலம் ஒரு புட்டி அனுப்பு.
உருளைப் பாத்தியில் பூச்சி என்றாயே, சாம்பல் தூவு.
நாளை சின்ன வேலை ஒன்று,
கையெழுத்துத்தான்.
ஞாயிறு வருகிறேன். சீட்டுக்கட்டை எடுத்து வை."

அந்தச் சின்ன வேலையை எனக்குத் தெரியும்.
குருத்துப்பாறை எஸ்டேட்,
கூலி கேட்டு வேலைக்குப் போகாத
அறுபத்திரண்டு லைன் வீடுகள்.
கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.
ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு
அரவேணு வரை நடந்தவர் என் அம்மாவின் அப்பா.
வெள்ளைப் பெயிண்டில் பதினேழு என்று எழுதிய அது
எங்கள் கோழிக்கூட்டின் மேல்
நான் பள்ளி முடிக்கும்வரை கிடந்தது.

தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
'கையெழுத்துத்தான்' என்ற இடத்தில்
மை ஒரு துளிகூடக் கூடுதலாக ஊறவில்லை.
பேனா தயங்கியிருக்கும் என்று
தேடியது நான்தான்.

இருநூற்றெட்டு:
"ஞாயிறு வந்தேன். கடை பூட்டியிருந்தது."
இருநூற்றொன்பது:
"தைலம் கிடைத்தது. கூட ஒரு வரியும் இல்லையே?"
இருநூற்றுப்பத்து:
"கோபமா? எதற்கு என்றாவது சொல்."
இருநூற்றுப் பதினொன்று:
"நாற்பது ரூபாய் மணியார்டரில் வந்தது.
இதென்ன கூத்து, தேவா?"

பெட்டி அதோடு முடிகிறது.

கம்பவுண்டரின் பதில் ஒன்றுகூட இல்லை,
அவை மந்திரி வீட்டுக் குப்பையில் போயிருக்கும்.
இவர் மட்டும் ஏன் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார்?
காகிதத் தட்டுப்பாடு என்றுகூட நினைத்தேன்,
இருநூற்றேழைத் திருப்பிப் பார்க்கும்வரை.

பின்பக்கம் பென்சிலில் மருந்துக் கணக்கு.
லைன் மூன்று, கிழவர், வயிற்றுப்போக்கு.
லைன் ஒன்பது, பிரசவம் ஆன நாலாம் நாள், ஜுரம்.
லைன் பதினேழு, பெண் குழந்தை,
ஒன்றரை வயது, இருமல். தைலம். காசு இல்லை.
அந்த ஏழு பாதி அழிந்திருக்கிறது.
பதினொன்றாகவும் இருக்கலாம்.

அம்மாவைக் கேட்க அம்மா இல்லை.
நெஞ்சுச்சளி அவளை
எழுபது வயதுவரை விடவில்லை என்பது தெரியும்,
மலையில் அது யாருக்குத்தான் இல்லை.

இயந்திரத்தில் புதுத் தாள் செருகினேன்.
முன்பக்கம் முழுதும் அடித்தேன், பூச்சி, சாம்பல் உட்பட.
பின்பக்கம் முழுதும் அடித்தேன்.
எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று
படிவம் கேட்டது.
கொள்கை என்று எழுதினேன்.