நாற்பத்திரண்டாம் நிமிடம்

சோஃபு. பிப்ரவரி. மூன்றாம் மாடியில்
ஹீட்டர் ஓடியும் விரல் விறைக்கிறது.
காடி நாற்றமடிக்கும் எட்டுத் தகர டப்பாக்களில்
வந்து சேர்ந்தது நெகட்டிவ்.
மூடியில் பென்சிலால்: பன்னிரண்டாவது பாய்.

பதினோரு பாய் விரித்த அறை.
யாரும் எண்ணாதபோது பன்னிரண்டு.
அவ்வளவுதான் கதை.
எண்பத்தாறில் நான்கு தியேட்டர்களில் போட்டு
ஒன்பதாம் நாள் தூக்கிவிட்டார்கள்.
அப்புறம் கேசட்டாகி
வாடகைக் கடைகளின் கீழ்த்தட்டில் கிடந்து
மெல்ல உயிர் வந்தது அதற்கு.

நாற்பத்திரண்டாம் நிமிடம் என்றால் போதும்,
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
அவள் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்கிறாள்.
பின்னால், காகிதக் கதவின் இடுக்கில்
வெளிறிப்போய் ஒரு நீள முகம்.
கதையில் கிடையாது. பெயர்ப் பட்டியலில் கிடையாது.
தூக்குப் போட்டுக்கொண்ட வீட்டுக்காரர் என்றார்கள்.
உற்றுப் பார், கழுத்தே இல்லை என்றார்கள்.

மத்சுமோத்தோவில் கடை வைத்திருந்த ஷிமொதாய்ரா சொன்னார்:
போய்த் திரும்பும் ஒவ்வொரு கேசட்டும்
அந்த இடத்தில்தான் தேய்ந்திருக்கும்.
நிறுத்துவார்கள், பின்னுக்கு ஓட்டுவார்கள்,
மறுபடி நிறுத்துவார்கள்.
டேப் தேயத் தேயப் புள்ளி பொரிந்தது.
புள்ளி பொரியப் பொரிய
முகம் நீண்டது, வாய் திறந்தது.
பார்த்துப் பார்த்தே வளர்த்திருக்கிறார்கள்
முப்பத்தெட்டு வருடம்
சோறு போடாமல் ஒரு பேயை.

நான் கழுவினேன்.
கீறல், பூஞ்சை, யாருடைய கட்டைவிரல் ரேகையோ,
ஃப்ரேம் ஃப்ரேமாக.
பதினாறாம் நாள் இரவு கதவிடுக்கு துலங்கியது.

கறுப்புக் குல்லாய் போட்ட பையன்.
இருபது வயதிருக்கும். மூக்கு ஒழுகுகிறது.
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறான்
நீளமாக மடித்த வெள்ளைத் துண்டை.
முகம் என்றது அதைத்தான். மடிப்புதான் வாய்.
கழுத்தில்லை என்றவர்கள் பொய் சொல்லவில்லை,
துண்டுக்கு ஏது கழுத்து.

வர்ணனை பேச வந்தார் யாயோய் நிஷிகிதோ,
தொட்டிக்குள் அமிழ்ந்த பெண்,
இப்போது ஃபுனாபாஷியில் பல் ஆஸ்பத்திரிக் கணக்கர்.
மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
"அட, தொகிதா" என்றார்.
விளக்கு தூக்கும் எடுபிடி.
"ஐஸ் தண்ணீர். பதினோரு டேக்.
ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாய் ஓடி வருவான்.
இதில் கட் சொல்வதற்கு முன்னாலேயே
வந்து நின்றிருக்கிறான், பாவி."
மைக் திறந்தே இருந்தது.
அவர் பேசவில்லை.
பின்னுக்கு ஓட்டச் சொன்னார்.
நிறுத்தச் சொன்னார்.
மறுபடி.

கம்பெனியிலிருந்து வந்த இவாகிரி
பையனைப் பார்த்ததும் வெளுத்துவிட்டார்.
இரண்டு டிஸ்க், சின்னப் புத்தகம், கெட்டி அட்டைப் பெட்டி,
ஒன்பதாயிரத்து எண்ணூறு யென்.
முன்பணம் கட்டிய மூவாயிரம் பேரும்
அந்த முகத்துக்காகக் கட்டியவர்கள்.
"அழுக்கைத் திரும்பப் போடுங்கள்" என்றார்.

போட்டேன். மாதச் சம்பளக்காரி.
ஷிமொதாய்ராவிடம் மிகவும் தேய்ந்த கேசட்டை இரவல் வாங்கி
புள்ளிகளை அள்ளி வந்து
அந்த நான்கு விநாடிகள் மேல் மட்டும் தூவினேன்.
துண்டு மறுபடி செத்தது,
முகம் எழுந்தது.

தொகிதா எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.
நிஷிகிதோ தேடித் தந்த எண்ணில்
ஒரு சைக்கிள் கடை எடுக்கிறது.

நன்றிப் பட்டியலில், கடைசிக்கு முந்தைய வரியில்,
சேமிப்புக் கிடங்கின் பெயருக்குக் கீழே
நானாகத் தட்டிச் சேர்த்தேன்:
துண்டு: தொகிதா.
இவாகிரி கவனிக்கவில்லை.
அதுவரை யாரும் ஓடவிடுவதில்லை.