பதினோரு ஆட்டுத்தோல்

வருடத்தில் ஒரு ஞாயிறு
பிரசங்க பீடம் எங்களுக்கு.
பத்து நிமிடம்.
இந்த முறை பெண்கள் ஐக்கியத்தில்
என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்:
பெர்சியாள், ராணிப்பேட்டை சிப்காட்,
தோல் ஷாப்பில் கணக்கெழுதுகிறவள்.

காட்பாடி ரயிலடியில் வாங்கிய புத்தகம்.
அட்டையோடு எழுதியவர் பெயரும் போயிருந்தது.
உள்ளே அவர்கள் இருந்தார்கள்,
எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்திய பெண்கள்.
ஒருத்தி கோயில் சுவரை ஒட்டிய அறைக்குள்
தன் காலால் நடந்து போனாள்.
அவள் உயிரோடு நிற்கவே அடக்க ஆராதனை வாசித்து
வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.
மூன்று ஜன்னல்.
ஒன்றில் பலிபீடம் தெரியும்.
ஒன்றில் கஞ்சி வரும், மலச்சட்டி போகும்.
மூன்றாவது தெருவுக்கு. கறுப்புத் திரை.
திரைக்கு இந்தப் பக்கம்
தூக்கம் கெட்ட நீதிபதி வந்து நின்றான்,
பிள்ளை தங்காதவள் வந்தாள்,
குருமாரும் வந்தார்கள், இருட்டின பிறகு.

அவள் தோலில் எழுதினாள்.
இதை மட்டும் யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.
சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு
மயிர் வழித்து, சதை சீவி,
சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால்
எழுத்துக்கு இணங்கும்.
பக்கத்தை எண்ணி, மடிப்பை எண்ணி
போட்டுப் பார்த்தேன்:
அவள் கண்ட கடவுள்
ஏறக்குறைய பதினோரு ஆடு.
எங்கள் ஷாப்பில் அவ்வளவு
ஓட்டை என்று தினமும் தள்ளுபடியாகிறது.

அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்:
நான் பேதை, எழுத்தறியாதவள்,
என்னைப் பொருட்படுத்த வேண்டாம்.
அதற்கு அடுத்த வரியில்
பிஷப்புக்குப் புத்தி சொல்கிறார்கள்.
சிரித்துவிட்டேன்.
எனக்கின்னா சார் தெரியும்,
ஆனா இந்தக் கூட்டல்ல ஒரு நூறு இடிக்குது,
என்று மேனேஜர் மேஜை முன்னால் நிற்கிற குரல்
எனக்கும் உண்டு.

ஆயர் என் குறிப்பைத் திருத்தித் தந்தார்.
நல்ல மனுஷர்.
"தரிசனம் வேணாம்மா, எண்ணம்னு போடுங்க.
கண்டாள் வேணாம், உணர்ந்தாள் போதும்."
சிவப்பு மை, அழகான கையெழுத்து.
புத்தகத்திலும் அப்படி ஒருவர் இருந்தார்.
அவள் சொல்லச் சொல்ல எழுதியவர்.
அவள் எங்கே முடிகிறாள், அவர் எங்கே தொடங்குகிறார் என்று
படித்தவர்கள் இன்னும் தடவித் தடவித் தேடுகிறார்கள்.
கோபம் வந்தது.
சனிக்கிழமை ராத்திரி பதினொன்று வரைக்கும்
அந்தக் கோபம் சௌகரியமாக இருந்தது.

பிறகுதான் லாரிக் கணக்குப் பேரேட்டின்
கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது.

தொற்காள், சதை சீவுகிற இடத்தில் நிற்பவள்.
கையெழுத்து வராது, கைநாட்டு.
போன பங்குனியில் ஒரு மத்தியானம்
தொட்டி ஓரம் அவளுக்கு ஒன்று நடந்தது.
ஷாப்பு டாக்டர் பிரஷர் பார்த்தார்.
சாயங்காலம் என்னிடம் வந்தாள்,
"எழுதிக்கமே, அப்புறம் மறந்துடும்" என்று.
எழுதினேன்.
நீல மையில், என் கையெழுத்தில் இருக்கிறது:
ஆண்டவர் அருகில் வந்தார், இனிய மணம் வீசியது.

அவள் சொன்னது அது இல்லை.
"ஆண்டவரு வந்தாருமே.
நம்ம மாரியே நாறுனாரு.
பஸ்ல எவனும் உக்கார மாட்டான் பாரு நம்மாண்ட,
உக்காந்தாரு."

எந்தக் குருவும் என் தோள்மேல் நின்று எட்டிப் பார்க்கவில்லை.
என் கை தானாகவே மாற்றியிருக்கிறது.

பழைய தோலில் எழுத்தை அழிக்க
கத்தியால் சுரண்டுவார்களாம்.
ஆனாலும் அடியில் இருந்தது
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியுமாம்.
பேரேடு காகிதம். சுரண்டினால் கிழியும்.
குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே எழுதினேன்,
நாறுனாரு என்பதற்குப் பெரிய றுவா சின்ன ருவா என்று
ஒரு நிமிடம் தடுமாறி.

நாளைக்குத் தூண் ஓரம் உட்காருவாள்,
வழக்கம்போல் பெஞ்சில் ஓர் இடம் விட்டு.
நான் தொடங்குவேன்:
எனக்கு என்ன தெரியும் ஐயா.