கல்லிவல்லி

வாழைச்சேனைச் சந்தைக்கு
அளவை நிறுவை ஐயா வந்திருந்தார்.
ஒரு கிலோப் படியை என் தராசில் வைத்தார்: ஒரு கிலோ.
ஐந்தை வைத்தார்: ஐந்து.
"சரியாத்தான் நிறுக்குது," என்றார்,
"முத்திரைதான் முடிஞ்சிட்டு."
தண்டத் துண்டை எழுதி
ஈரம் படாத மூலையில் வைத்தார்.
பக்கத்துத் தில்லையனின் தராசு
கிலோவுக்கு நாற்பது கிராம் தின்னும்.
அதில் முத்திரை இருக்கிறது, புத்தம் புதுசு.

இரவு வதனிக்கு இதைச் சொன்னேன்.
குவைத்தில் இருந்து சிரித்தாள்.
மறுகா நெடுநேரம்
ஏசி இரைச்சல் மட்டும் வந்தது.

அவளுக்கும் முத்திரை இருந்தது, முதல் வீட்டில்.
அகாமா, அட்டை, கபீலின் கையெழுத்து.
ஏழு மாதம் சம்பளம் இல்லை.
வெள்ளிக்கிழமை பத்து நிமிசம் போன்.
எந்தப் பொலிசும் அவளைத் தொட முடியாது;
கதவு வெளியால் பூட்டியிருந்தது.

ஒரு விடியல் குப்பை கொட்டப் போனவள்
திரும்பிப் போகவில்லை.

இப்போது ஆறு பெண்களோடு ஓர் அறை.
மூன்று வீடு கூட்டித் துடைக்கிறாள்.
காசு இரட்டிப்பு, கைக்கே வருகிறது.
கதவு உள்ளால் பூட்டுகிறது.
கடைவாய்ப் பல் கொதித்தால் கிராம்புதான்;
ஆசுபத்திரி அட்டை கேட்கும்.
சந்தியில் ஜீப் நின்றால்
பஸ்சுக்கு நிற்கிற ஆளாகிவிடுகிறாள்,
பஸ் வராத இடத்திலும்.
இப்படி இருப்பவர்களுக்கு அங்கே கல்லிவல்லி என்று பெயர்.
"போனால் போகுது, விடு" என்று அர்த்தமாம்.
யார் யாரை விட்டது என்று
அந்தச் சொல்லில் இல்லை.

இனிப் பொதுமன்னிப்பு வருகுதாம்.
ஒரு குரல்பதிவு, தண்டமில்லை வாருங்கள் என்கிறது.
இன்னொன்று, கைரேகை எடுத்தால் ஆயுளுக்கும் தடை என்கிறது.
மூன்றாவது, பொறுங்கோ, புதுச்சட்டம் வருது,
அங்கேயே நின்று கபீல் மாத்தலாம் என்கிறது.
எந்தக் குரலுக்கும் பெயர் இல்லை, தேதியும் இல்லை.

ஜவ்பரின் மதினி போனமுறை மன்னிப்பில் வந்தவள்.
தூதரக வாசலில் மூன்று இரவு,
பத்து விரலும் மையில்,
ஒரேயொரு பேக்கோடு பிளேன்.
"இப்ப என்ன செய்றா?" என்று கேட்டேன்.
"கடன் கட்டுறா," என்றான்.
ஐஸ் உடைத்து முடிந்த பிறகு சொன்னான்:
"நல்லா நித்திரை கொள்றா, மச்சான்."

செவ்வாய்தோறும் பெண்கள் சங்கக் கூட்டத்தில்
கடைசிப் பாயில் நான் இருக்கிறேன்.
லோன் அவள் பெயரில்.
ஒப்பத்தை நான் வைக்கிறேன், அவள் எழுத்தைப் போலவே,
அந்த வளைந்த 'வ'வோடு.
லோன் பொடியனுக்குத் தெரியும்.
ஒப்பம் கள்ளம், காசு நல்லது;
அவன் காசை எண்ணுகிறான்.

தவணைப் புத்தகப் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்.
வந்தால் இவ்வளவு. நின்றால் இவ்வளவு.
'பிடிபட்டால்' என்ற வரிக்கு
இலக்கம் கிடைக்கவில்லை.
அதற்குள் அபிசனா பள்ளிக்கூடப் படிவத்தை நீட்டினாள்:
தாயின் தொழில், வேலை செய்யும் இடம்.
"வெளிநாடு" என்று எழுதினேன்.
கட்டத்தில் இன்னும் நிறைய இடம் இருந்தது.

தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
பிரதேச செயலகம் போனேன்.
முத்திரை வைக்கிறவர் லீவாம்.
"விதி மாறப்போகுது, புது ஸ்டிக்கர் வரும்."
"எப்ப?"
"வரும்."
"அதுவரைக்கும்?"
"அதுவரைக்கும் நிறுக்காதீங்க."

சூடை பொறுக்குமா?
மறுநாள் காலை நிறுத்தேன்.
ஒவ்வொரு அரைக் கிலோவுக்கு மேலும்
ஒரு மீனைப் போட்டேன், பயத்துக்கு.

மத்தியானம் அவள் குரல் வந்தது, பதினொரு செக்கன்:
"நாளையில இருந்து பேர் பதியுறாங்களாம்.
நீங்க சொல்லுங்க. வரட்டா, நிற்கட்டா?"

செதிள் ஒட்டிய விரலால் அமத்தி
மூன்று தரம் கேட்டேன்.
இரண்டு சரியும் நீலமாகிவிட்டன.
நான் கேட்டுவிட்டேன் என்பது
அவளுக்குத் தெரியும்.