கடல் இருந்த இடம்

என் நிலத்தின் வடக்கு மூலையில்
கலப்பை ஒருமுறை பல்லைக் கடிக்கும்.
டிராக்டரை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன்.
கட்டைவிரல் அளவு அலுமினியம்,
அல்லது நசுங்கிய ஒரு குழாய்.
மற்றபடி சேறு, சிப்பி, சேறு.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வெங்காயத்துக்குத் திரும்புவேன்.
இந்தப் பக்கம் யார் நிலத்திலும் ஏதாவது இருக்கும்.

அப்போது இங்கே கடல்.
நாற்பத்து மூன்று நவம்பரில்
எரிந்துகொண்டே வந்த விமானம்
இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில் விழுந்தது.
பிறகு கரை கட்டி, பம்பு வைத்து,
கடலை இறைத்து வெளியே ஊற்றினார்கள்.
ஈரம் காய நாணல் விதைத்தார்கள்.
அப்பாவுக்குச் சீட்டு விழுந்தது:
முப்பது ஹெக்டேர், ஒரு களஞ்சியம்,
கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரமில்லை.
விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடந்தான்.
கடல்தான் எழுந்து போயிற்று.

போன கோடையில் விமானப்படையிலிருந்து வந்தார்கள்.
தோண்டிய மண்ணைச் சல்லடையில் கொட்டி
ஆறு வாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள்.
பாதிச் சீப்பு.
பூட்சின் குதிகால்.
இன்னும் திறந்து மூடுகிற ஒரு ஜிப்.
பிறகு ஒரு மத்தியானம் யாரும் பேசவில்லை.
சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றினார்.
காபிக் கெண்டியோடு போன நான்
வாய்க்கால் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

வாசில் ஹ்ரின்கிவ்.
வயது இருபது.
விமானத்தின் வாலில், உலகத்துக்கு முதுகு காட்டி
உட்கார்ந்திருந்த துப்பாக்கிக்காரன்.
கனடாவில், கோதுமை தவிர வேறெதுவும் தெரியாத
சமவெளியிலிருந்து வந்தவன்.

ஒரீசியா வந்தாள், அவன் தங்கை மகள்.
தாய்மாமனை அவள் பார்த்ததில்லை.
தந்தி வந்தபோது ‘கடலில் காணவில்லை’ என்றிருந்ததாம்.
அந்த வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை.
வாசிலின் தாய் பள்ளிக்கூடத்து அட்லஸை இரவல் வாங்கி
தையல் நூலால் அந்த நீலத்தை அளந்தாளாம்.
‘இவ்வளவுதானா? தேடினால் கிடைத்துவிடுவானே’ என்றாளாம்.
அட்லஸ் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.
ஒரீசியா கொண்டுவந்திருந்தாள், நூலோடு.
என் சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்தாள்.
மேலே சுவரில், கூட்டுறவுச் சங்கத்துக் காலண்டரில்,
அதே இடம் பச்சை.

அவன் கடைசிக் கடிதத்தையும் படித்துக் காட்டினாள்.
போரைப் பற்றி ஒரு வரி கிடையாது.
‘செவலைக் குதிரைக்குக் குளம்பு ஆறிற்றா?
இங்கே முட்டை ஆளுக்கு வாரம் ஒன்று,
அதுவும் பறந்துவிட்டு வந்தால்தான்.
என் சட்டையை ஸ்டீஃபான் போட்டுக்கொள்ளட்டும்,
ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடட்டும்.’

சொல்ல வேண்டியது ஒன்று என்னிடமும் இருந்தது.
அப்பா காலத்தில் கிடைத்த தகடு ஒன்று,
கதவு அகலம்.
கோழிக்கூட்டுக்குக் கூரையாக அறைந்திருக்கிறது.
அறுபது வருஷமாக ஒழுகவில்லை.
அழைத்துப் போய்க் காட்டினேன்.
கையோடு திருப்புளி கொண்டுபோயிருந்தேன்.
‘கழற்றித் தந்துவிடுகிறேன்’ என்றேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தகட்டைத் தொட்டாள்.
வரிசையாக ஓடிய ஆணித்தலைகளை
ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டே போனாள்.
எண்ணிக்கை எங்கோ தவறியது.
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
உள்ளே ஒரு கோழி
எதையோ பெரிய காரியம் முடித்ததுபோல் கத்தியது.

‘இதுகள் வாரத்துக்கு எத்தனை இடும்?’

‘ஒவ்வொன்றும் ஐந்து. வெயில் இருந்தால் ஆறு.’

திருப்புளியை என் கையிலிருந்து வாங்கி
என் பையிலேயே போட்டாள்.
அன்று அவளுக்கு மூன்று முட்டை பொரித்தேன்.
மூன்றையும் தின்றாள்,
ரொட்டியால் தட்டைத் துடைத்து.

இப்போது வடக்கு மூலை காலி.
கலப்பை சிக்காமல் போகிறது.
இருந்தாலும் அந்த இடம் வந்ததும்
என் கால்
கிளட்ச்சை மிதித்துவிடுகிறது.